பல கிறிஸ்தவச் சபையினர் கூடிப் பேசும் நம் மன்றத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பித்தது

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், சபை பேதம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மே மாத வெயிலுக்கு மட்டும் விடுமுறை விட்டோம். மற்ற மாதங்களில் கூட்டம் தவறவில்லை.

முதல் கூட்டத்தில் ஞானஸ்நானம் பற்றிப் பேசினோம். குழந்தைக்கா பெரியவருக்கா, தெளிப்பதா முழுக்குவதா என்று நேரம் போனதே தவிர, யாரும் இம்மியும் நகரவில்லை. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை இணைப்புப் பேச்சு, 1947 செப்டம்பர் 27இல்தான் தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. நாம் ஒரே மாலையில் முடிக்கப் பார்த்தோம்!

அதன்பின் செயற்குழு வேறு வழிக்கு வந்தது. ஒருவர் ஒரு வேதாகமக் கதையைத் தம் ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும், வியாக்கியானம் கூடாது. மதுரைக்கு இது புதிதல்ல. அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டிலேயே இறையியல் சொன்னவர்.

ஆகஸ்ட் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் பெரியவர் ஒருவர், நூறு ஆட்டில் தொலைந்த ஒன்றைத் தேடி மற்றவற்றை விட்டுப் போகும் மேய்ப்பனின் கதையை, அதாவது காணாமற்போன ஆட்டின் கதையைச் சொன்னார். பாதியில் நிறுத்தி, "தொண்ணூத்தொம்போதையும் அம்போன்னு விட்டுட்டா போவான்? பக்கத்துக் கிடைக்காரன்கிட்ட 'பாத்துக்கப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் போவான்" என்றார். இந்தக் கதை வரும் லூக்கா சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில் பக்கத்துக் கிடைக்காரன் இல்லைதான். ஆனால் பெந்தெகொஸ்தே போதகர் ஒருவர், "அந்த ஆள் எந்தச் சபைங்கய்யா?" என்று கேட்க, கத்தோலிக்கப் பங்குத்தந்தைதான் முதலில் சிரித்தார். அடுத்தவர் ஆட்டைப் பத்திக்கொண்டு போவதாக, அதாவது ஒரு சபையின் ஆட்களை இன்னொரு சபை இழுப்பதாகச் சபைகளுக்குள் இருக்கும் பழைய மனத்தாங்கலை அன்றுதான் முகம் சுளிக்காமல் பேச முடிந்தது. கொள்கை விவாதத்தில் அவரவர் சபைக்கு வக்கீலாகிவிடுகிறோம். கதையில் எல்லோரும் ஆட்டுக்காரர் பக்கம் நிற்கிறோம்.

கதை சொன்னால் உபதேசம் நீர்த்துப்போகும் என்று ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் ஆட்சேபித்தார். சுவிசேஷமே நான்கு பேர் சொல்லித்தான் நம்மிடம் வந்திருக்கிறது என்று பதில் அனுப்பினேன். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணையில் இன்னும் நாம் எல்லோரும் ஒரே பந்தியில் அமர முடிவதில்லை. அதைக் கதை மாற்றிவிடவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒலிபெருக்கி வாடகையை நிறுத்தியதில் கொஞ்சம் மிச்சம். காது கேட்கவில்லை என்று மூத்தவர்கள் கோபிப்பதால் மறுபடி எடுக்கப் பரிந்துரைக்கிறேன். ஜனவரி 18 முதல் 25 வரையிலான கிறிஸ்தவ ஒற்றுமை வாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசு அடையாளம் தெரியாமல் சீடர் இருவரோடு நடந்த எம்மாவு வழிக் கதையைச் சொல்ல ஆட்கள் தேவை. பெயர் கொடுக்கும்போது சந்தா பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.