ஓர் ஆண்டு, மூன்று பிரதமர்கள்

ஈஸ்ட் ஹாம், இலண்டன்
27 டிசம்பர் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கிறிஸ்துமஸை ஒட்டி எனக்குச் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைத்திருப்பதால், சென்ற வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆற அமரப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "தேர்தலே நடக்காமல் ஒரே வருஷத்தில் மூன்று பிரதமர்கள் எப்படியம்மா வந்தார்கள்? ஜனங்கள் சும்மாவா இருந்தார்கள்?" என்று கேட்டீர்கள். ஜனங்கள் பெரும்பாலும் சும்மாதான் இருந்தார்கள், அப்பா. ஆட்சியில் இருந்தவர்களை ஒருமுறை அவர்களுடைய சொந்தக் கட்சிக்காரர்களும், அடுத்த முறை அரசுக்குக் கடன் கொடுப்பவர்களும் இறக்கினார்கள்.

முறை என்னவோ நம்முடையதுதான். தொகுதிக்கு ஓர் உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; பெரும்பான்மை உள்ள கட்சியின் தலைவர் பிரதமராகிறார். ஆனால் நம் நாட்டில் 1985-இல் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று இங்கே கிடையாது. கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் ஒருவருடைய உறுப்பினர் பதவி பறிபோகாது. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியில் அரசுப் பதவி வகிக்காத நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு '1922 குழு' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தலைவர்மேல் நம்பிக்கை இல்லை என்று கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதம் பேர் அந்தக் குழுவின் தலைவருக்குக் கடிதம் கொடுத்துவிட்டால், பிரதமராகவே இருந்தாலும் அவர் இரகசிய வாக்கெடுப்பைச் சந்தித்தாக வேண்டும். இவ்வாண்டுக் கணக்கில் அது 54 கடிதங்கள். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் பாடம் நடத்திய உங்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

போரிஸ் ஜான்சன் 2019 டிசம்பரில் 80 இடப் பெரும்பான்மையோடு வென்றவர். அவரைக் கவிழ்க்க எதிர்க்கட்சியால் முடிந்திருக்காது. கொரோனாக் காலத்தில் நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்தன என்ற செய்தி சென்ற ஆண்டு இறுதியில் வெளிவந்ததும் சரிவு தொடங்கியது. அந்த மாதங்களில் நான் எங்கே இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். மூச்சுக் கருவியில் இருந்த நோயாளிகளின் பிள்ளைகளுக்கு, கையுறை போட்ட கையால் கைபேசியைப் பிடித்துக் கொண்டு, திரையில்தான் முகம் காட்டினோம். ஆகவே, ஏப்ரல் 12 அன்று ஜான்சனுக்கும் நிதியமைச்சராக இருந்த ரிஷி சூனக்குக்கும் காவல்துறை அபராதம் விதித்தபோது எங்கள் வார்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பதவியில் இருக்கும் ஒரு பிரதமர் சட்டத்தை மீறியதாகத் தண்டம் கட்டியது இந்த நாட்டில் அதுவே முதல் தடவை.

அந்த விருந்துகளைப் பற்றி அரசு உயரதிகாரி ஸூ கிரே அம்மையார் விசாரித்து எழுதி மே 25 அன்று வெளியான அறிக்கையைச் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியிலேயே படித்தேன். மதுக் கணக்கெல்லாம் பத்திரிகைகளுக்கு இனித்தது. எனக்கு உறுத்தியவை இரண்டு. விருந்து முடிந்த மறுநாள் காலை சுவரில் சிவப்பு ஒயின் சிந்தியிருந்ததைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் பார்த்ததும், அங்கிருந்த காவலர்களும் துப்புரவாளர்களும் மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டதும் அதில் பதிவாகியிருந்தன. இன்னொன்று, 2021 ஏப்ரல் 16 இரவு நடந்த விருந்து. மறுநாள்தான் எலிசபெத் அரசியார் தம் கணவரின் இறுதிச் சடங்கில், விதிகளை மதித்து, முகக்கவசத்தோடு தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை நம் ஊர் நாளிதழிலும் பார்த்திருப்பீர்கள்.

இடையே மே 5 அன்று உள்ளாட்சித் தேர்தல் வந்தது. இங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு ஓட்டுரிமை உண்டு என்பதால், இந்தியக் குடியுரிமையோடேயே நானும் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அடையாள அட்டை கேட்கவில்லை. பெயரும் முகவரியும் சொன்னால் போதுமானதாக இருந்தது. விரலில் மை இல்லை, எந்திரம் இல்லை. நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சிலால் காகிதத்தில் பெருக்கல் குறி போட்டு, மடித்துத் தகரப் பெட்டியில் போட வேண்டும். பென்சிலை யாராவது அழித்துவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் மருமகன் என்னைக் கேட்டார். தேர்தல் அலுவலில் காலமெல்லாம் உட்கார்ந்து பழகிய நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். இனிமேல் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று இவ்வாண்டுதான் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

ஜூன் தொடக்கத்தில் அரசியார் அரியணை ஏறிய 70-ஆம் ஆண்டு விழா நான்கு நாள் நடந்தது. பாப்பா பள்ளியிலிருந்து அட்டைக் கிரீடம் செய்து கொண்டுவந்தாள். செயின்ட் பால் தேவாலயத்துக்கு வந்த ஜான்சனைப் படிக்கட்டில் ஏறும்போது கூட்டம் கூச்சலிட்டு இகழ்ந்தது. இந்த ஆண்டு முழுவதிலும் மக்கள் தங்கள் பிரதமரிடம் நேருக்கு நேர் எதையாவது சொன்னதாக நான் பார்த்தது அது ஒன்றுதான். விழா முடிந்த மறுநாள், ஜூன் 6 அன்று, மேலே சொன்ன இரகசிய வாக்கெடுப்பில் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் 211 பேர் அவருக்கு ஆதரவாகவும் 148 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். வென்றார், ஆனால் அது பிழைத்திருப்பதற்கான வெற்றியாக இல்லை. கட்சியின் துணைத் தலைமைக் கொறடாமீது பாலியல் அத்துமீறல் புகார் எழுந்தபோது, அவரைப் பற்றி முன்பே தமக்குத் தெரிந்திருந்ததை ஜான்சன் மறைத்தார் என்ற குற்றச்சாட்டு வந்தது. ஜூலை 5 மாலை சூனக்கும் சுகாதார அமைச்சர் சஜித் ஜாவிதும் சில நிமிட இடைவெளியில் பதவி விலகினார்கள். அதன்பின் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பொறுப்புகளைத் துறந்தார்கள். அன்றிரவு வேலைக்குப் போய் மறுநாள் காலை திரும்புவதற்குள் யார் அமைச்சர், யார் இல்லை என்று கணக்கே தவறிப்போனது. ஜூலை 7 அன்று ஜான்சன் விலகுவதாக அறிவித்தார்.

ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் வெப்பம் 40.3 டிகிரி தொட்டது. இந்த நாட்டு வரலாற்றிலேயே அவ்வளவு வெயில் பதிவானதில்லை. எங்களுக்குக் கிழக்கே வெனிங்டன் என்ற ஊரில் வீடுகள் எரிந்தன. திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவளுக்கு இது என்ன என்று நினைக்காதீர்கள். குளிரை உள்ளே விடாமல் கட்டிய வீட்டில், மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லாத அறையில், அந்த வெயில் வேறு மாதிரி.

அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கன்சர்வேட்டிவ் கட்சியில் சந்தா கட்டிய சுமார் 1,72,000 பேரிடம் போனது. நம் பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கத்து வாக்காளர்களையே சேர்த்தால் அதைவிட அதிகம் வருவார்கள். கோடை முழுவதும் அவர்களிடம் சூனக்கும் வெளியுறவு அமைச்சர் லிஸ் டிரஸ்ஸும் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, எங்களைப் போன்றவர்கள் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த எரிவாயு விலை உக்ரைன் போரால் மேலும் ஏறியதில், சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த மின்சார, எரிவாயுக் கட்டண உச்சவரம்பு ஏப்ரலில் 1,971 ஆகி, அக்டோபரிலிருந்து 3,549 ஆகும் என்று அறிவித்தார்கள். சமையலறையில் வைத்திருக்கும் சின்னத் திரையில் அன்றைய செலவு பென்ஸ் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தால் அது குதிப்பதைப் பார்த்துவிட்டுப் பாப்பா, "அம்மா, போதும்" என்று ஆளியை அணைப்பாள்.

செப்டம்பர் 5 அன்று 81,326 ஓட்டுகள் பெற்று டிரஸ் வென்றார். மறுநாள் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் அரசியார் அவரைப் பதவியில் அமர்த்திய படம் வெளிவந்தது. ஊரார் டிரஸ்ஸைப் பார்த்தார்கள். செவிலியர் அறையில் நாங்கள் அரசியாரின் கையைத்தான் பார்த்தோம். புறங்கை முழுவதும் கருநீலமாகக் கன்றியிருந்தது. கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார். செப்டம்பர் 8 அன்று, சராசரி வீட்டின் கட்டணம் 2,500 பவுண்டைத் தாண்டாதபடி அரசே ஈடு செய்யும் என்று டிரஸ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று மாலை ஆறரை மணிக்கு அரசியார் இறந்த செய்தி வந்தது. வயது 96. 1874-இல் பிறந்த சர்ச்சில் அவருடைய முதல் பிரதமர். 1975-இல் பிறந்த டிரஸ் பதினைந்தாமவர்.

நீங்கள் கேட்ட ஜனங்களை நான் பார்த்தது அப்போதுதான். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைத்திருந்த உடலுக்கு அஞ்சலி செலுத்த, தேம்ஸ் கரையோரமாகச் சவுத்வர்க் பூங்கா வரை மைல் கணக்கில் வரிசை நீண்டது. இரண்டரை இலட்சம் பேர் வந்ததாகச் சொன்னார்கள். கால்பந்து வீரர் டேவிட் பெக்காமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றே போனார். நானும் என் தோழி ஒருத்தியும் மாலையில் போய்ச் சேர்ந்தோம். கையில் எண் போட்ட காகித வளையம் மாட்டினார்கள். அதைக் காட்டிக் கழிப்பறைக்குப் போய்விட்டு நம் இடத்துக்கே திரும்பி வரலாம். யாரும் இடித்து முன்னே வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற முதியவர் 1952-இல் ஆறாம் ஜார்ஜ் அரசருக்கும் தம் தந்தையோடு இதேபோல் வரிசையில் நின்றவராம். விடியும் வேளையில், நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் கொரோனாவில் இறந்தவர்களுக்காகச் சிவப்பு இதயங்கள் வரைந்திருக்கும் நீண்ட சுவரைக் கடந்தோம். பிரதமர் அலுவலக விருந்துகளைப் பற்றி வரிசையில் பேச்சு எழுந்தது அங்கேதான். பிறகு அடங்கிவிட்டது. மண்டபத்துக்குள் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நிமிடம் இருக்கும். அந்நிய நாட்டு அரசிக்கு, அதுவும் நம்மை ஆண்டவர்களின் வாரிசுக்கு, இராத்திரி முழுக்க நின்றாயா என்று நீங்கள் கேட்கலாம். நாற்பது ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்த உங்களைப் பார்த்து வளர்ந்தவள், எழுபது ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்த ஒருவருக்காக நின்றேன், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள், செப்டம்பர் 23 அன்று, நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் ஒரு சிறு பட்ஜெட் வாசித்தார். சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பு. பெரும்பணக்காரர்களின் உச்ச வரியும் நீக்கம். இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்ற கணக்கு மட்டும் இல்லை. வழக்கமாகக் கூடவே வெளியாகும் தன்னாட்சி அமைப்பின் நிதி மதிப்பீட்டையும் வெளியிடவில்லை. திங்கட்கிழமை காலை பவுண்டின் மதிப்பு 1.03 டாலர் வரை சரிந்து வரலாறு காணாத வீழ்ச்சி கண்டது. அரசுக் கடன் பத்திரங்களை எல்லாரும் விற்றதில் ஓய்வூதிய நிதிகளே ஆடிப்போக, இங்கிலாந்து வங்கி தலையிட்டுப் பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கடன் திட்டங்களை வங்கிகள் நூற்றுக்கணக்கில் திரும்பப் பெற்றன. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். கடனை மாற்றி எழுத வேண்டிய மாதம் அவருக்கு அதுவே. வாடகையைக் கூட்டாமல் வேறு வழியில்லை என்று கணக்குத் தாளோடு வந்து நின்றார். யாரோ கோட்டு போட்டவர் சபையில் வாசித்த தாள் எங்கள் கதவைத் தட்ட ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 14 அன்று குவார்ட்டெங் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜெரமி ஹண்ட், இவ்வாண்டின் நான்காவது நிதியமைச்சர், பட்ஜெட்டின் பெரும்பகுதியை மூன்றே நாளில் இரத்து செய்தார். டெய்லி ஸ்டார் பத்திரிகை ஒரு லெட்டூஸ் கீரையைக் கேமராவுக்கு முன் வைத்து, இது வாடுமுன் டிரஸ் போவாரா என்று நேரலை போட்டது. கீரை வென்றது. 49 நாளில் ஆட்சி முடிந்தது. இந்த நாட்டில் அத்தனை குறைந்த காலம் பிரதமராக இருந்தவர் வேறு யாருமில்லை.

அடுத்து வந்தவரை நீங்கள் 'நம்மவர்' என்கிறீர்கள். தீபாவளி நாளான அக்டோபர் 24 அன்று, எதிர்த்து நின்றவர் ஒதுங்கிக்கொண்டதால், கட்சிக்காரர்கள்கூட ஓட்டுப் போடாமலேயே சூனக் தலைவரானார். தாத்தா பாட்டி பஞ்சாபிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா போனவர்கள். இவர் பிறந்தது சவுதாம்ப்டனில். அன்று மதியம் என்னுடைய வெள்ளைக்கார நோயாளிகள் இருவர் என்னை வாழ்த்தினார்கள். நன்றி சொல்லி ஊசியைப் போட்டேன். பெருமை இல்லை என்று சொன்னால் பொய். நெற்றியில் திருநீறோடு வேலைக்குப் போகும் உங்கள் மருமகனுக்கு அன்று அலுவலகத்தில் தனி மரியாதை. ஆனால் சூனக் இந்த நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். எங்கள் சம்பளப் பேச்சில் பஞ்சாபும் உதவாது, தீபாவளியும் உதவாது. உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மனின் தாயார் மொரிஷியஸ் தமிழ் வழியில் வந்தவர் என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் மகிழ்ந்து அனுப்பியிருந்தார். குடியேறி வருவோரின் எண்ணிக்கையைக் குறைப்பதே அந்த அம்மையாரின் முதல் கொள்கை என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

அக்டோபரில் விலைவாசி உயர்வு 11.1 சதவீதம், 41 ஆண்டுகளில் இல்லாத அளவு. எங்கள் ஊதிய உயர்வு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அதனால் டிசம்பர் 15, 20 தேதிகளில் செவிலியர் வேலைநிறுத்தம் நடந்தது. எங்கள் சங்கமான ராயல் காலேஜ் ஆப் நர்ஸிங்கின் 106 ஆண்டு வரலாற்றில் இத்தனை பெரிய வேலைநிறுத்தம் நடந்ததே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு விலக்கு உண்டு என்பதால் நான் வேலையை விட்டு நிற்கவில்லை. ஓய்வு நாளில் போய், கம்பளித் தொப்பியோடு வாசலில் அட்டை பிடித்து நின்றேன். கடந்து போன பேருந்துகளும் லாரிகளும் ஒலி எழுப்பி ஆதரவு காட்டின. 2020-இல் வியாழக்கிழமைதோறும் எங்களுக்காகக் கைதட்டிய அரசு, சம்பளத்தைப் பற்றி மட்டும் பேச மறுக்கிறது. ஜனவரி 18, 19 தேதிகளில் மறுபடியும் நிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள்.

பொதுத்தேர்தலை 2025 ஜனவரிக்குள் நடத்தியாக வேண்டும். எப்போது என்பதைப் பிரதமரே முடிவு செய்வார். வாக்காளர் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கிறது. வாடகை கூடியதால் இந்த மாதம் அனுப்பும் பணம் சற்றுக் குறையும், மன்னிக்கவும். அம்மாவின் கண் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், அதற்குத் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்