அப்பாயிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எங்கள் அங்கன்வாடி மறுபடி நடக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சத்தம் போட்டுச் சிரிக்கிறார்கள். 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் எந்தத் தோப்புக்குள் போய் நின்றாலும் தெரியும். 2019 பொங்கலுக்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

கூரை போன கட்டடத்துக்குத் தார்ப்பாய் அனுப்பியவர்களுக்கு நன்றி. வாசலை அடைத்துக் கிடந்த மரங்களை ரம்பத்தால் அறுத்து வழிவிட்ட தம்பிகளுக்கு நன்றி. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து, சேற்றில் நின்று மின்கம்பம் நட்ட தொழிலாளர்களை எப்படி மறப்பது? ஆகஸ்டில்தான் கேரளமே வெள்ளத்தில் தவித்தது. நவம்பரில் அங்கிருந்து நமக்காக ஆள் வந்தது. அரிசி, பருப்பு, பாய், பால்பவுடர் கொடுத்தவர்கள், பிள்ளைகளை உட்கார வைக்கத் திண்ணை தந்த வீட்டார், தன் வீட்டு ஓடு பறந்து கிடக்கும்போதும் காலையில் வந்து அடுப்பு மூட்டிய எங்கள் உதவியாளர் அக்கா, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடலில் அதிக இடம் ஒரு அப்பாயிக்குத்தான். பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊரில் எல்லோருக்கும் அந்தப் பாட்டி அப்பாயிதான், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சென்டரைத் திறந்த புதிதில் பிள்ளைகள் பழைய பிள்ளைகளாக இல்லை. தார்ப்பாய் படபடவென்று அடித்தால் போதும், மூன்று வயசுப் பிள்ளையிலிருந்து ஐந்து வயசுப் பிள்ளை வரை காதைப் பொத்திக்கொள்ளும். ஒருவர் அழ ஆரம்பித்தால் மொத்தப் பேரும் அழுவார்கள். ஒரு பையன் வாயே திறக்கவில்லை. அட்டைகளும் பொம்மைகளும் ஊறிப் போயிருந்தன. அப்பாயிக்குப் பேரப்பிள்ளை யாரும் எங்கள் சென்டரில் இல்லை. தெருவில் போனவர் அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் கோலமாவு எடுத்து வந்தார்.

வாசலில் பெரிய ட ஒன்று போட்டார். ஒரு பிள்ளை அதன்மேல் நடக்கிற அளவுக்குப் பெரிது. பக்கத்தில் ப. அடுத்து ம. "இந்தா, மேலேருந்து நேரா எறங்கி வா. இப்பத் திரும்பு. நட. நின்னுக்க. இதான் ட. இன்னும் ஒரு தடவ மேல ஏறுனா ப." பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பெரிய பிள்ளைகள் நொண்டி அடித்துக்கொண்டு போனார்கள். ஏன் அ, ஆ இல்லாமல் ட-வில் தொடங்குகிறீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்குப் பட்டா, படின்னுதானம்மா மொதல்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் படித்தவர். 1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அந்த இயக்கத்தில், கல் உடைத்துவிட்டு வந்து ராத்திரி விளக்கில் எழுத்துப் படித்து, சைக்கிளும் பழகிய பெண்களில் ஒருவர். அ-வின் வளைவு சின்னப் பிள்ளைக்குச் சிரமம். ட, ப இரண்டும் நேர்க்கோடுகள்தான், கால் சொன்னபடி கேட்கும். இதைப் பயிற்சி வகுப்பில் நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் வாழ்ந்து தெரிந்துகொண்டவர் சொல்வது வேறு.

மறுநாளும் வந்தார். அன்று காற்று இருந்தது, தார்ப்பாய் அடித்தது, அழுகை தொடங்கியது. நானாக இருந்தால் "ஒண்ணுமில்லடா, பயப்படாத" என்று சொல்லியிருப்பேன். எல்லோரும் அதைத்தான் சொல்வோம். அப்பாயி அப்படிச் சொல்லவில்லை. "பயம் எங்க இருக்கு? வயித்துலயா, நெஞ்சுலயா? தொட்டுக் காட்டு" என்றார். ஒருத்தி வயிற்றைத் தொட்டாள். ஒருத்தன் தொண்டையைத் தொட்டான். "எனக்குக் காலுல" என்று அப்பாயி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் ஆட்டம். அப்பாயி நடுவில் நின்று "ஊஊஊ" என்று காற்றாக ஊதுவார். பிள்ளைகள் ஓடிப்போய் ஏதாவது ஒரு எழுத்தின்மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதுவதை நிறுத்தியதும் எழுந்து, தான் உட்கார்ந்த எழுத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அடித்துப் பிடித்துத் தள்ளிவிட்டு ஓடியவர்கள், அடுத்த தடவை யாரைத் தள்ளினார்களோ அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். ஓடுவது, சட்டென்று நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, பக்கத்தில் இருப்பவனைக் கவனிப்பது, எல்லாமே அதில் இருந்தது. எழுத்தும் இருந்தது.

கொஞ்ச நாளில் அப்பாயி, "எனக்கு மூச்சு வாங்குது, யாராச்சும் காத்தா வாங்க" என்றார். வாயே திறக்காத அந்தப் பையன் எழுந்து போய் நடுவில் நின்றான். ஊதினான். எல்லோரும் ஓடி உட்கார்ந்தார்கள். அவன் நிறுத்தினான், எல்லோரும் எழுந்தார்கள். மறுபடி ஊதினான். கடைசியில் தரையைக் காட்டி "ப" என்றான். அவனுடைய அம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். காற்றுக்குப் பயந்து கிடந்த பிள்ளை, தானே காற்றாகி, தான் சொன்னபோது அதை நிறுத்தினான். இதைவிட நல்ல மருந்து இருந்தால் எனக்குத் தெரியாது.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எப்பப் பார்த்தாலும் ஆட்டந்தானா, எழுத்து எப்ப?" என்று கேட்கிறீர்கள். பக்கத்தில் எல்.கே.ஜி. பிள்ளை நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனால் மூன்று வயசு விரல் பென்சிலுக்குத் தயாராக இல்லை. கை, கால், தோள் எல்லாம் முதலில் பழகட்டும், விரல் பின்னாலேயே வரும். எங்கள் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' தான். மாவில் ட-வை நடந்து பார்த்த பிள்ளைகள் இப்போது குச்சியால் மண்ணில் தாங்களாகவே ட போடுகிறார்கள், வாசலில் வந்து பாருங்கள். கோபம் வந்தால் கடிக்கிற பிள்ளை, "எனக்குக் கோவம்" என்று வாயால் சொல்கிறது. இரண்டும் எனக்குப் பாடம்தான்.

பக்கத்து அங்கன்வாடிகள் எல்லாம் கூடும் அடுத்த செக்டர் கூட்டத்தில் இந்த ஆட்டத்தை மற்ற சென்டர் டீச்சர்களுக்கும் ஆடியே காட்டப்போகிறேன். கட்டடம் புதுசாக வந்தாலும் வாசலைச் சிமெண்ட் பூசி மூடவிட மாட்டேன், கோலம் போட மண் தரை கொஞ்சமாவது இருக்கும். நான் இந்த வேலையில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையிடமும் "பயப்படாத" என்று மட்டும் சொல்லி நகர மாட்டேன். பயம் எங்கே இருக்கிறது என்று கேட்பேன்.

அப்பாயி, உங்கள் கண்ணாடி புயலில் போய்விட்டது என்று தெரியும். அதனால் இந்த மடலைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக்கே கொண்டு வருகிறேன். நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்து சென்டர் திறந்ததும் வந்துவிடுங்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள், ற-வும் ன-வும் இன்னும் பாக்கி.