சவ்வு ஆய்வில் ஒரு கோடு

ஆசிரியருக்கு,

விஞ்ஞானி என்றாலே புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர் என்றுதான் எழுதுகிறோம். சவ்வு ஆய்வாளர் லாயிட் ரோப்சனைப் போல, பிறர் அளந்ததைத் தொகுத்துக் காட்டியவர்களுக்கும் அறிவியல் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

வாயுக்களைப் பிரிக்கும் பாலிமர் சவ்வில், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் போன்ற படலத்தில், ஒரு சங்கடம் உண்டு. வாயு வேகமாக ஊடுருவினால் பிரிக்கும் திறன் குறையும். திறனைக் கூட்டினால் வேகம் போய்விடும். பலரும் அளந்து வெளியிட்ட எண்களைத் திரட்டி, வேகம் ஒரு அச்சிலும் பிரிக்கும் திறன் மறு அச்சிலுமாக, ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார் ரோப்சன். புள்ளிகளுக்கு மேலே ஒரு சாய்கோடு, அன்றைய பாலிமர்கள் எட்டிய உச்சம்; அதுதான் மேல் எல்லை. இது 1991-ல். கோடு ஏன் அப்படிச் சாய்கிறது என்பதற்கு 1999-ல் வேதிப் பொறியாளர் பென்னி ஃப்ரீமன் கோட்பாட்டு விளக்கம் தந்தார். புதிய பாலிமர்கள் கோட்டைத் தாண்டியதும், 2008-ல் ரோப்சனே அதைத் திருத்தி வரைந்தார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். அந்த வரைபடம் பெரும்பாலும் தனி வாயு அளவீடுகளால் ஆனது. ஆலையில் வருவதோ கலவை. கரியமில வாயு அதிகமானால் பாலிமர் உப்பி, பிரிக்கும் திறன் சரியும். 'எல்லையைத் தாண்டிய சவ்வு' என்று செய்தி போடும்போது, கலவையில் சோதித்தார்களா என்றும் கேட்டு எழுதுங்கள்.

– ஒரு வாசகர்