வாடைக் காற்று தெரியாத செயலி

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எல்லாம் சுலபம் என்று தினமும் படிக்கிறேன். பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறவன் நான். போன வாரம் அக்கா மகன் செல்போனில் ஒரு செயலியிடம், வாடை அடிக்கிற கார்த்திகையில் வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), எதில் வலை விடலாம் என்று கேட்டான். இரண்டு பக்கமும் நல்ல மீன் கிடைக்கும், போய் வாருங்கள் என்றது. அந்த மாதம் வடகடல் கொந்தளித்துக் கிடக்கும், தென்கடல்தான் தோது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரி, மீன்பிடித் தடைக்காலத்தைக் கேள் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று தேதியைச் சரியாகச் சொல்லிவிட்டு, நாட்டுப்படகும் போகக்கூடாது என்று சேர்த்துக்கொண்டது. தடை விசைப்படகுக்கு ஐயா.

விசாரித்தால், படித்த எழுத்தை வைத்து அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுகிற இயந்திரமாம். கடலைப் பற்றி நாங்கள் என்ன எழுதியா வைத்திருக்கிறோம்? எல்லாம் அப்பன் வாயால் சொன்னது. தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜிபிஎஸ் என் படகிலும் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் செயற்கைக்கோளை வைத்துக் கடல்நீரின் வெப்பத்தைப் பார்த்து மீன் கூடும் இடம் சொல்கிறது. அளந்து சொல்வதால் கேட்கிறோம். அடுத்த முறை இந்தச் செயலிகளைப் பாராட்டி எழுதும்போது, எங்கே உளறுகின்றன என்றும் இரண்டு வரி போடுங்கள்.

ஒரு நாட்டுப்படகு மீனவர்,
பாம்பன்