பூமி பார்த்துக்கொள்ளுமா?

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில், "பூமி தன்னைத்தானே சரிபண்ணிக்கும்ப்பா, நீங்க ஏன் வீணா கவலைப்படறீங்க" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் சண்டை போடவில்லை. இப்போது போடுகிறேன்.

நீ சொன்னதற்கு மூலம் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக்கின் கையா கருதுகோள். உயிர்களும் காற்றும் கடலும் பாறையும் சேர்ந்து, பூமியை உயிர் வாழத் தக்கதாகத் தாமே வைத்துக்கொள்கின்றன என்பது அது. 1960களில் நாசாவுக்காகச் செவ்வாயில் உயிரைத் தேடும் வழியை யோசித்தவர், மண்ணைத் தோண்டவே வேண்டாம், காற்றைப் பார்த்தாலே போதும் என்றார். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. வினையெல்லாம் முடிந்து அடங்கிப்போன காற்று. இங்கேயோ 21 சதவீதம் ஆக்சிஜன், கூடவே துளி மீத்தேன். வெயிலில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். தீராமல் இருக்கிறதென்றால், உயிர்கள் விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கின்றன என்று அர்த்தம். சூரியன் உண்டானதிலிருந்து வெளிச்சம் சுமார் 30 சதவீதம் கூடியும் கடல் வற்றிப்போகாததில் உயிர்களுக்கும் பங்குண்டு என்பது அவர் கட்சி. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் நுண்ணுயிர்களின் கதையோடு துணைக்கு வந்தார்.

பாக்டீரியாக்கள் என்ன, கூட்டம் போட்டா முடிவெடுக்கின்றன என்று மற்ற உயிரியல்காரர்கள் மடக்கினார்கள். நியாயமான கேள்விதான். 1983இல் ஆண்ட்ரூ வாட்சனோடு சேர்ந்து லவ்லாக் ஒரு கணக்கைப் பதிலாக வைத்தார். கற்பனைக் கோள் ஒன்று. அதில் இரண்டே செடி, கறுப்பு டெய்சியும் வெள்ளை டெய்சியும். வெயில் மந்தமாக இருக்கும்போது, சூட்டை இழுத்துக்கொள்ளும் கறுப்பு பிழைக்கிறது, கோளும் சூடேறுகிறது. வெயில் ஏற ஏற வெள்ளை பெருகி, ஒளியைத் திருப்பி அனுப்பிச் சூட்டைத் தணிக்கிறது. எந்தப் பூவுக்கும் கோளைப் பற்றி அக்கறை கிடையாது. தன்பாட்டுக்கு வளர்கிறது, அவ்வளவுதான். ஆனால் வெயில் ஓர் அளவைத் தாண்டினால் வெள்ளையும் கருகி, வெப்பம் ஒரே தாவாக எகிறிவிடுகிறது. 'பூமித்தாய் காப்பாள்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இந்த இடத்தைச் சொல்வதே இல்லை.

சரி, நிஜ பூமிக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் பாறையை அரிக்கும். அரித்தது கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக்கல்லாகப் படியும். சூடு கூடினால் அரிப்பும் கூடும். செடி வேர்கள் அதை இன்னும் விரட்டும். ஆக, நீ சொன்ன திருத்தம் உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் அது முடிய லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துத் தள்ளியதோ இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில். இந்த இடைவெளிதான் என் கவலை. பூமியைப் பற்றி இல்லை.

இன்னொன்று. கடல் பாசிகள் விடும் கந்தக வாயு மேகம் உருவாக உதவி வெப்பத்தைக் குறைக்கிறது என்று 1987இல் லவ்லாக்கும் கூட்டாளிகளும் எழுதினார்கள். பின்னால் அதற்கு நிறைய மறுப்பு வந்தது. நீ கடலியல் படிக்கிற இடத்தில் இதைப் பற்றி இப்போது என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து வை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அப்பா