காஸ்ட்ரேன் அமைச்சரவை: மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

1919இல் பின்லாந்துப் பிரதமராக இருந்த காஸ்ட்ரேனின் அமைச்சரவையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னாய். அமைச்சர்கள் பட்டியலை அப்புறம் பார்க்கலாம், முதலில் இடக்கணக்கைப் பார். 1919 மார்ச் தேர்தலில் பின்லாந்து நாடாளுமன்றத்தின் 200 இடங்களில் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 80, விவசாயிகள் சங்கத்துக்கு 42, மன்னராட்சி கேட்ட வலதுசாரிகளுக்கு 28, முற்போக்குக் கட்சிக்கு 26, ஸ்வீடிய மொழி பேசுவோரின் கட்சியான ஸ்வீடிய மக்கள் கட்சிக்கு 22. மீதி 2 கிறிஸ்தவத் தொழிலாளர் கட்சிக்கு.

ஏப்ரல் 17 அன்று காஸ்ட்ரேன் சேர்த்துக்கொண்டது முற்போக்கு, விவசாயிகள், ஸ்வீடியர். மொத்தம் 90, பெரும்பான்மைக்கு 11 குறைவு. உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். சமூக ஜனநாயகக் கட்சியின் அந்த 80 பேர் வெளியேதான் இருந்தார்கள்.

'சிறுபான்மை அரசு' என்று எழுதி அதோடு நிறுத்திவிடாதே. அன்றைய பெரிய வேலை குடியரசு அரசியலமைப்பை நிறைவேற்றுவது. அடுத்த தேர்தல்வரை கிடப்பில் போடாமல் அதை உடனே முடிக்க, அவசரம் என்று அறிவிக்க வேண்டும். அதற்கு ஆறில் ஐந்து பங்கு ஓட்டு தேவை. எல்லோரும் வந்திருந்தால் 34 பேர் எதிர்த்தாலே கதை முடிந்தது. வலதுசாரிகளுக்கு இன்னும் 6 பேர் போதும். மன்னராட்சியை விரும்பியவர்கள் ஸ்வீடியக் கட்சியிலும் நிறைய. ஆகவே அந்தக் கட்சிக்கு அமைச்சரவையில் இடம் கொடுத்ததை வெறும் மொழிச் சலுகையாகப் பார்க்கக் கூடாது என்பேன்.

முதல் முயற்சி ஜூன் நடுவில் தோற்றது. முற்போக்குக் கட்சியின் ரித்தாவுவோரி அதையே உறுப்பினர் மசோதாவாக மறுபடி கொண்டுவந்தார். ஜூன் 21 அன்று ஆதரவு 165, எதிர்ப்பு 22. இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: 200க்குப் பங்கு போட்டால் 167 வேண்டும், 165 போதாதே என்று குழம்புவார்கள். பங்கு பதிவான ஓட்டுக்குத்தான். 187க்கு 156 போதும்.

சமரசத்தின் உள்ளடக்கத்தையும் விடாதே. வலுவான குடியரசுத் தலைவர் வலதுசாரிகளுக்கு ஆறுதல். அமைச்சர்களுக்கு நாடாளுமன்றத்தின் நம்பிக்கை வேண்டும் என்ற 36ஆம் பிரிவு இடதுசாரிகளுக்கு. அப்போது அரசப் பிரதிநிதியாக இருந்த மன்னர்ஹைம் ஜூலை 17 அன்று அரசியலமைப்பில் கையெழுத்திட்டார். ஜூலை 25 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் முற்போக்குக் கட்சியின் ஸ்டோல்பெர்க் அவரை 143க்கு 50 என்று வென்றார்.

ஆகஸ்ட் 15 அன்று வந்த வென்னோலா அமைச்சரவையில் ஸ்வீடியக் கட்சி இல்லை. 68 இடத்தோடே நடத்தினார்கள். ஆறில் ஐந்து தேவைப்பட்ட வேலை அதற்குள் முடிந்திருந்தது.

அன்புடன்,
அப்பா