ஒற்றைக் கை ஓவியரும் இன்னொரு கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஜப்பானிய மாங்கா (அந்த ஊர் காமிக்ஸ்) ஓவியர் ஷிகேரு மிசுகியைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். ‘ஒற்றைக் கையால் உலகை வென்றவர்’ என்று தலைப்பு. போரில் இடது கையை இழந்தார், தன்னம்பிக்கையைக் கைவிடவில்லை, நாடே கொண்டாடும் ஓவியரானார் என்று பதினைந்து வரியில் ஆளை அனுப்பி வைத்துவிட்டீர்கள். பொய் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் சிவகாசியில் முப்பத்தொரு வருடம் லேபிள் ஓவியனாக இருந்தவன். தீப்பெட்டிக்கு மயில், பட்டாசு டப்பாவுக்குப் புலி, ஊதுபத்திக்கு முருகன். 1984இல், எனக்கு இருபத்தாறு வயது, ஆள் வராத ஒரு நாளில் கட்டிங் மிஷினுக்குத் தாள் தள்ளப் போனேன். இடது கையில் கட்டைவிரல் மட்டும் திரும்பி வந்தது. “வரைகிற கைக்கு ஒன்றும் ஆகலையே, சாமி காப்பாத்திட்டார்” என்று பார்க்க வந்த எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். முதலாளியும் சொன்னார், சொல்லிவிட்டு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். வரைகிறவனுக்குத்தான் தெரியும், இடது கை சும்மா இருப்பதில்லை என்று. தாளை நகராமல் அழுத்துவது அதுதான். ஸ்கேலைப் பிடிப்பது அதுதான். ரப்பர் போடும்போது தாள் கசங்காமல் காப்பதும், மைப்புட்டியின் மூடியைத் திறப்பதும் அதுதான். பல நாள் நான் அந்த மூடியைப் பல்லால் திறந்தேன். வாயெல்லாம் கறுப்பு. இதற்குப் பெயர் தன்னம்பிக்கை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒசாகாவில் இருக்கும் மகள் வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் தங்கினோம். அங்கேதான் மிசுகி எனக்கு அறிமுகம். மகள் எடுத்துக் கொடுத்த ஆங்கிலப் பதிப்புகளைத் தட்டுத் தடுமாறிப் படித்தேன். பிறகு மருமகன் எங்களை அவருடைய ஊருக்கே கூட்டிப்போனார். மிசுகி ஒசாகாவில் பிறந்தவர்தான், ஆனால் வளர்ந்தது ஜப்பான் கடலோரம், தொத்தோரி மாவட்டத்தில் சகாய்மினாத்தோ என்ற மீன்பிடித் துறைமுகத்தில். யொனாகோ ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டும். அந்த வண்டி 0ஆம் நம்பர் பிளாட்பாரத்தில் நிற்கிறது. ஜப்பானிய மொழியில் சைபருக்கும் ஆவிக்கும் ‘ரேய்’ என்று ஒரே உச்சரிப்பாம். வண்டி முழுக்க அவர் வரைந்த பூதங்கள். இறங்கினால் கடைத்தெருவில் சுமார் 800 மீட்டருக்கு 177 வெண்கலச் சிலைகள், முக்கால்வாசி முழங்கால் உயரம்கூட இல்லை. ஆள் வராமல் வாடிக்கிடந்த கடைத்தெருவை நிமிர்த்த 1993இல் 23 சிலைகளோடு தொடங்கியிருக்கிறார்கள். என் மனைவி ஒவ்வொன்றின் தலையையும் தடவிக்கொண்டே வந்தாள். எங்கள் ஊரில் என்றால் இதற்குள் பாதிக்குத் திருநீறு பூசியிருப்பார்கள்.

அந்தச் சிலைகள் ‘யோகாய்’கள். பேய் என்று மொழிபெயர்த்தால் சரியாக வராது. காத்துக் கருப்பு என்று நம் ஆட்கள் சொல்வதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். சிறுவன் மிசுகிக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்தது புசா என்ற ஏழைக் கிழவி. அந்தப் பக்கம் புத்தருக்கு ஊழியம் செய்கிறவர்களை ‘நோன்நோன்’ என்பார்கள், அதனால் அவள் நோன்நோன்பா. கூரைப் பலகையில் கறை தெரிந்தால், ராத்திரி ‘கூரைநக்கி’ வந்து நக்கிவிட்டுப் போன அடையாளம் என்பாள். இருட்டில் நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் ஓடக் கூடாது. ஓரமாக ஒதுங்கி நின்று, “பெத்தோபெத்தோ அவர்களே, நீங்கள் முன்னால் போங்கள்” என்று மரியாதையாகச் சொன்னால் சத்தம் போய்விடும். பையனுக்குத் தன் பெயரையே சரியாகச் சொல்ல வராது, ஷிகேரு என்பதை ‘கெகெரு’ என்பான். அந்த மழலைதான் பின்னாளில் ‘கெகெகெ நோ கிதாரோ’ என்று ஜப்பான் முழுக்கக் குழந்தைகள் வாயில் வந்த அவருடைய மாங்காவின் தலைப்பு. தூங்குமூஞ்சி, சாப்பாட்டு ராமன், முதல் பீரியடுக்குப் போனதே இல்லை, அதனால் கணக்கில் சைபர்.

சரி, போருக்கு வருகிறேன். 1943இல், இருபத்தொரு வயதில், அவரைப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். கொம்பு ஊதும் வேலை கொடுத்தார்கள். ஊத வரவில்லை, வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். “வடக்கா, தெற்கா?” என்று கேட்டார்கள். இவருக்குக் குளிர் ஆகாது. ஜப்பானுக்குள்ளேயே தெற்கே எங்காவது அனுப்புவார்கள் என்று நினைத்து, “தெற்கு” என்றார். அனுப்பிய இடம் ரபௌல். பப்புவா நியூகினி பக்கம் நியூ பிரிட்டன் தீவு.

அங்கே பையென் என்ற இடத்தில் பத்துப் பேர் கொண்ட காவல் முகாம். விடியற்காலை முறை இவருடையது. தொலைநோக்கியில் கிளிகளைப் பார்த்து மயங்கி நின்றதில் மற்றவர்களை எழுப்பப் போகத் தாமதமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் எதிரிகள் முகாமைத் தாக்கினார்கள். பிழைத்தது இவர் ஒருவர்தான். கடலில் நீந்தி, காட்டில் ஒளிந்து, பல நாள் அலைந்து படைக்குத் திரும்பினால் வரவேற்பு என்ன தெரியுமா? துப்பாக்கியைத் தொலைத்துவிட்டு நீ மட்டும் ஏன் உயிரோடு வந்தாய், எல்லோரும் செத்தார்கள், நீயும் செத்துப் போ என்று மேலதிகாரி பாய்ந்தார். பிறகு மலேரியாவில் படுத்திருந்தபோதுதான் விமான குண்டுவீச்சில் இடது கை சிதைந்தது. மயக்க மருந்து இல்லாமல் அறுத்து எடுத்தார்கள்.

‘போரில் கையை இழந்தார்’ என்ற உங்கள் வரிக்குள் இவ்வளவும் இருக்கிறது. அவர் 1973இல் இதை ஒரு முழுப் புத்தகமாக வரைந்தார். தோற்றாலும் திரும்பி வராதே, கௌரவமாகச் செத்துப் போ என்று தன் சிப்பாய்களையே அனுப்பிய ஒரு படைப்பிரிவின் கதை. தொண்ணூறு சதவீதம் நடந்ததுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். கதையில் எல்லோரும் செத்துப் போகிறார்கள், நிஜத்தில் சிலர் பிழைத்தார்கள். அந்தப் புத்தகத்தில் மனிதர்களைக் கேலிச்சித்திரம் மாதிரி வரைந்திருப்பார்: பெரிய மூக்கு, பல்லிளிப்பு, நாலு கோடு. ஆனால் பின்னாலிருக்கும் காடும் கடலும் மரத்தின் ஒவ்வொரு இலையும் போட்டோ மாதிரி இருக்கும். கடைசிப் பக்கங்களில் பிணங்களையும் அதே துல்லியத்தோடு வரைந்திருக்கிறார். உயிரோடு இருக்கும்வரை பொம்மை மாதிரி இருந்தவன் செத்ததும் நிஜ மனிதனாகிறான். தொழில் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பக்கங்களைப் புரட்டி முடித்து நான் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 2009இல் பிரான்சில் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு அதே விழாவில் நோன்நோன்பா கிழவியைப் பற்றிய புத்தகத்துக்குச் சிறந்த படைப்பு விருது.

இனிமேல்தான் உங்கள் பெட்டிச் செய்தி தாண்டிக் குதித்த பகுதி. 1946இல் ஊர் திரும்பியவருக்கும் 1965இல் பெயர் வாங்கியவருக்கும் நடுவே பத்தொன்பது வருடம் இருக்கிறது. ‘நாடு திரும்பியவர் மாங்காவில் சாதித்தார்’ என்று ஒரே வாக்கியத்தில் அதை விழுங்கிவிட்டீர்கள். மீன் விற்றார். சைக்கிள் ரிக்‌ஷா வைத்துப் பார்த்தார். கோபேயில் ‘மிசுகி’ என்ற பெயர் கொண்ட தெருவில் பழைய கட்டடம் ஒன்றைக் கடனுக்கு வாங்கி வாடகைக்கு விட்டார். அவருடைய உண்மையான குடும்பப் பெயர் முரா. அங்கே காமிஷிபாய் என்ற தெருக்கதைக்காரர்களுக்காகப் படம் வரைந்தார். சைக்கிளில் படச்சட்டம் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்று, அட்டை அட்டையாகப் படம் காட்டிக் கதை சொல்லும் தொழில் அது. ஒரு கதைக்காரர் எத்தனை தடவை சொன்னாலும் பெயரை மறந்து, இருக்கும் இடத்தை வைத்து “மிசுகி, மிசுகி” என்றே கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. டெலிவிஷன் வந்து அந்தத் தொழிலை விழுங்கியது. 1958இல் வாடகை நூலகங்களுக்கான மாங்காவுக்கு மாறினார். அப்புறம் அதுவும் சரிந்தது. பதிப்பாளர் கடை மூடிவிட்டால் வரைந்ததற்குக் காசு வராது. மாங்காவில் கிதாரோ பிறந்தது இந்தப் பஞ்சத்தில்தான், 1960இல். கல்லறையில் பிறந்த ஒற்றைக் கண் பையன். அவனுடைய அப்பா வெறும் கண்விழி, கையும் காலும் முளைத்து, தேநீர்க் கிண்ணத்தில் குளிப்பவர்.

1961 ஜனவரியில் கல்யாணம். பெண் பார்த்து ஐந்தாம் நாள் தாலி... தாலி அங்கே கிடையாது, பழக்கதோஷம். மாப்பிள்ளைக்கு 38 வயது, பெண்ணுக்கு 29. பெயர் நுனோயே. டோக்கியோ பக்கம் ச்சோஃபுவில் இருந்த வீட்டுக்கு வந்து பார்த்தால் வறுமை. அழுகப் போகிற வாழைப்பழம் மலிவாகக் கிடைக்கும் என்று வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த அம்மா அவர் வேலை செய்வதைப் பார்க்கிறார்: இடது தோளைச் சாய்த்துத் தாளை அழுத்திக்கொண்டு, மூக்கு தாளில் உரச, விடியவிடிய கோடு போடும் மனிதர். கொஞ்ச நாளில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேல் பிடித்துக் கோடு போடவும் கறுப்பு நிரப்பவும் கற்றுக்கொள்கிறார். இதையெல்லாம் அவரே பின்னாளில் நினைவுக் குறிப்பாக எழுத, 2010இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அதைக் காலைத் தொடராக எடுத்தது.

அதைத்தான் நான் கேட்க வந்தேன். உங்கள் தலைப்பில் ‘ஒற்றைக் கையால்’ என்று இருக்கிறதே, அந்த அம்மாவின் கையை எங்கே எண்ணினீர்கள்? 1965இல் கோதான்ஷா பதிப்பகத்தின் மாங்காப் பரிசு கிடைத்தபோது மிசுகிக்கு 43 வயது. பிறகு வேலை குவிந்ததும் உதவியாளர்கள் வந்தார்கள். இன்று தனித்தனியே மேதைகளாகப் பேசப்படும் யோஷிஹாரு ட்சுகேயும் ரியோய்ச்சி இகேகாமியும் அவரிடம் வேலை பார்த்தவர்கள்தான். அந்த இலைகளையும் மரங்களையும் பல கைகள் சேர்ந்து வரைந்தன. இதைச் சொன்னால் அவர் பெருமை ஒரு சொட்டும் குறையாது. சொல்லாமல் விட்டால், விரல் போனவன் எவனும் உங்கள் தாளைப் படித்தவர்களிடம் ‘அவன் ஒற்றைக் கையால் செய்தான், உனக்கென்ன கேடு’ என்று பேச்சு வாங்குவான். நான் வாங்கியிருக்கிறேன்.

தளராத உழைப்பு என்று வேறு எழுதியிருந்தீர்கள். மனிதர் அதைப் படித்தால் சிரித்திருப்பார். சோம்பேறியாக இருங்கள் என்று ஊருக்குச் சொன்னவர் அவர். மாங்கா உலகின் பெருந்தலைகளான ஒசாமு தெசூகாவும் ஷோதாரோ இஷினோமோரியும் தூங்காமல் வேலை செய்வதைப் பெருமையாகப் பேசினார்களாம். இருவரும் அறுபதில் போய்விட்டார்கள். நன்றாகத் தூங்கிய மிசுகி 2015 நவம்பர் 30 வரை, 93 வயது வரை இருந்தார். இதையே ஒரு குட்டி மாங்காவாகவும் வரைந்திருக்கிறார்.

இன்னொன்றையும் இடம் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கை போன பிறகு ரபௌலில் அந்தத் தீவின் பூர்வகுடிகளான தொலாய் மக்கள்தான் அவருக்குப் பழமும் கிழங்கும் கொடுத்துத் தேற்றினார்கள். பவுலோ என்று பெயர் வைத்தார்கள். நிலம் தருகிறோம், இங்கேயே இரு என்றார்கள். அவரும் தயாராகிவிட்டார். முதலில் போய்ப் பெற்றவர்களைப் பார் என்று ராணுவ டாக்டர் தடுத்திருக்கிறார். ஏழு வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு 1971இல்தான் திரும்பிப் போக முடிந்தது. அவர்கள் மறக்கவில்லை. அவரும் அதற்கப்புறம் பல முறை போனார்.

கடைசியாக ஒரு திருத்தம். சகாய்மினாத்தோ ஸ்டேஷன் வாசலில் மிசுகி மேசையில் உட்கார்ந்து வரைவது போலவும், கிதாரோவும் எலிமனிதனும் வேடிக்கை பார்ப்பது போலவும் ஒரு சிலைக் கூட்டம் இருக்கிறது. என்னிடம் அதன் போட்டோ இருக்கிறது. நீங்கள் அதே படத்தை வெட்டிப் போட்டதில் மேசையும் ஓவியரும் போய், மீசை முளைத்த எலிமனிதன் மட்டும் மிஞ்சி, கீழே ‘ஷிகேரு மிசுகி’ என்று அச்சாகியிருக்கிறது. எலிமனிதன் பாதி மனிதன், பாதி யோகாய், காசுக்கு யாரையும் விற்பவன், முந்நூறு வருடமாகக் குளிக்காதவன். தன் பாத்திரங்களில் மிசுகிக்கு ரொம்பப் பிடித்தவனும் அவன்தான், எனவே அவர் கோபிக்க மாட்டார். இருந்தாலும் அடுத்த வாரம் ஒரு வரி போட்டுவிடுங்கள். முழுப் படம் வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேபிள் ஓவியர்,
சிவகாசி